ஜூரி அறை ரகசியம் நடந்து வந்த வழி

1785-ஆம் ஆண்டு, லண்டன் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம். தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபுவின் முன்னால் இரண்டு பிரமாணப் பத்திரங்கள் வந்தன. எழுதிக் கொடுத்த இருவரும் ஒரு சிவில் வழக்கில் ஜூரர்களாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள். எங்களுக்குள் கருத்து ஒத்துவரவில்லை, காசைச் சுண்டிப் பார்த்தோம், வாதிக்கு வேண்டியவர்கள் பக்கம் விழுந்தது, அதையே தீர்ப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சத்தியம் செய்து எழுதியிருந்தார்கள்.

மான்ஸ்ஃபீல்ட் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூரர்கள் அப்படிச் செய்திருந்தால் அது பெரிய குற்றம் என்றார். ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்தவர்களின் வாயாலேயே அதைக் கேட்க மாட்டேன் என்றும் சொன்னார். வேறு யாராவது வந்து சொல்லட்டும். ஜன்னல் வழியாக உள்ளே நடந்ததைப் பார்த்த ஒருவர் வந்து சொன்னால்கூடக் கேட்கலாம். பத்திரங்கள் தள்ளுபடி ஆயின. காசு சுண்டிச் சொன்ன தீர்ப்பு நிலைத்தது.

வெளியே நின்று எட்டிப் பார்த்தவன் சாட்சி சொல்லலாம், உள்ளே உட்கார்ந்திருந்தவன் சொல்லக் கூடாது என்ற இந்த விதி அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் கடந்து போயிருக்கிறது. அமெரிக்காவுக்குப் போனது, கனடாவுக்குப் போனது. ஆங்கிலேயரின் ஜூரி முறை சென்னைக்கும் கொழும்புக்கும் வந்தபோது அந்த மூடிய அறையும் கூடவே வந்தது. போன இடத்திலெல்லாம் அது சிலரைக் காப்பாற்றியது, சிலரைக் கைவிட்டது. யாரைக் காப்பாற்றியது, யாரைக் கைவிட்டது என்று பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

மான்ஸ்ஃபீல்டுக்கு முன்பே ஜூரி அறை பூட்டப்பட்டிருந்தது. அந்தப் பழைய பூட்டின் நோக்கம் வேறு. சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது, குளிர்காய நெருப்பு கிடையாது, மெழுகுவர்த்திகூடக் கிடையாது. ஒரே முடிவுக்கு வரும்வரை பன்னிரண்டு பேரும் இருட்டில் பட்டினி கிடக்க வேண்டும். அதற்குள் நீதிபதிகள் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டிவந்தால் ஜூரர்களை ஒரு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கதவு ஜூரர்களின் பேச்சைப் பாதுகாக்கவில்லை. அவர்களை இறுக்கிப் பிழிந்து ஒரு தீர்ப்பை வாங்கத்தான் மூடப்பட்டது.

1670-இல் அந்த இறுக்கம் எதுவரை போகும் என்று தெரிந்தது. லண்டன் தெருவில் கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்ததற்காக வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற குவேக்கர் மதப் பிரிவினர் இருவரை ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பென் பிற்காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியவர். நீதிமன்றம் எதிர்பார்த்த தீர்ப்பைச் சொல்ல ஜூரி மறுத்தது. மறுப்பவர்களில் முன்னால் நிற்பவர் எட்வர்ட் புஷெல் என்பது நீதிபதிகளுக்குத் தெரிந்துவிட்டது. யார் எந்தப் பக்கம் என்பதை மறைக்க அப்போது எந்த ஏற்பாடும் இல்லை. புஷெலின் மூக்கை அறுப்பேன் என்று லண்டன் மேயர் நீதிமன்றத்திலேயே மிரட்டியதாக அந்த விசாரணையின் பதிவு சொல்கிறது. பட்டினி போட்டும் ஜூரி மசியவில்லை. இருவரும் குற்றவாளிகள் இல்லை என்று தீர்ப்புச் சொன்ன ஜூரர்களுக்கு ஆளுக்கு நாற்பது மார்க் அபராதம் விதித்தார்கள். கட்ட மறுத்தவர்கள் நியூகேட் சிறைக்குப் போனார்கள். புஷெல் போட்ட மனுவில்தான், தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி வாகன் தீர்ப்பளித்தார்.

ஜூரி ரகசியத்தை ஆதரிப்பவர்களுக்கு இதைவிட வலுவான வழக்கு வேண்டியதில்லை. உள்ளே யார் என்ன சொன்னார் என்பது அதிகாரத்தில் இருப்பவருக்குத் தெரிந்தால் மூக்குக்கு ஆபத்து. கொலை வழக்கில் கூலிப்படைக்காரன் குற்றவாளி என்று கை தூக்கிய ஜூரர் மறுநாள் அதே கடைத்தெருவில்தான் காய்கறி வாங்கப் போகிறார். அந்த மனிதருக்கு ரகசியம் வேண்டும். இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். என் மனக்குறை, ரகசியம் யாருக்கு எதிராக என்பதில்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஜூரி இந்தியாவுக்கு வந்தபோது, உள்ளே பேசுவது என்ன என்பதைவிட உள்ளே யார் உட்காரலாம் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. 1826-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்களையும் ஜூரர்களாக அனுமதித்தது. ஆனால் கிறிஸ்தவர் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நின்றால் கிறிஸ்தவ ஜூரர்கள் மட்டுமே இருக்கலாம் என்றது. அந்தத் தடை 1832-இல் போனது. போனபிறகும் ஐரோப்பியர் மீதான வழக்குகளுக்குத் தனி ஜூரி ஏற்பாடுகள் நெடுநாள் தொடர்ந்தன. ஜூரர் தன் இனத்தையும் மதத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார் என்று சட்டம் எழுதியவர்களே நம்பவில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நம் ஊரில் ஜூரி என்றதும் வயதானவர்கள் நினைவுக்குக் கொண்டுவருவது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. ‘இந்து நேசன்’ பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று 1945-இல் சென்னை உயர் நீதிமன்ற ஜூரி சொன்னது. ஆயுள் தண்டனை விழுந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் இருவரும் விடுதலை ஆனார்கள். அன்றைய உயர் நீதிமன்ற ஜூரியில் ஒன்பது பேர். தமிழ்நாடே பேசிய ஒரு வழக்கில், அந்த ஒன்பது பேரை உள்ளே எந்தச் சாட்சியம் நம்ப வைத்தது, எது உறுத்தியது என்பதற்கு ஒரு வரிக் காரணம்கூடத் தீர்ப்பில் கிடையாது. ஜூரி காரணம் எழுதுவதில்லை. அதனால்தான் ஜூரி வழக்குகளின் மேல்முறையீடு எல்லாம் நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொன்ன உரையைச் சுற்றியே நடக்கும். எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

இந்திய முறையில் ஓர் இடைவெளி மட்டும் இருந்தது. எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கு வெளியே வந்துவிடும். 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று குற்றமற்றவராக அறிவித்தது. செஷன்ஸ் நீதிபதி மேத்தா அதை ஏற்க மறுத்து வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் தண்டித்தது, 1961-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஜூரியின் அறைக்குள் எட்டிப் பார்க்காமலேயே அதன் முடிவைத் தள்ள அன்றைய சட்டத்தில் வழி இருந்தது. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கே இடமில்லாமல் போனது. ஆகவே ஜூரி ரகசியத்தின் இந்தியக் கதை அதோடு முடிகிறது.

இங்கிலாந்தில் அது வளர்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால், மான்ஸ்ஃபீல்டின் விதி நீதிமன்றத்தின் காதைத்தான் அடைத்தது. ஜூரரின் வாயைக் குற்றம் என்று சொல்லி அடைக்கவில்லை. வாயை அடைத்தது ஓர் அரசியல் வழக்கு. லிபரல் கட்சியின் முன்னாள் தலைவர் ஜெரமி தார்ப், நார்மன் ஸ்காட் என்பவரைக் கொல்லச் சதி செய்ததாக வழக்கு. 1979 ஜூன் மாதம் ஓல்ட் பெய்லி ஜூரி அவரை விடுவித்தது. அடுத்த மாதமே ‘நியூ ஸ்டேட்ஸ்மேன்’ இதழ் ஜூரர் ஒருவரின் பேட்டியை வெளியிட்டது.

அந்த வழக்கில் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி ஒருவர் ஒரு பத்திரிகையோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். தார்ப் தண்டிக்கப்பட்டால் அவருக்கு 50,000 பவுண்டு, விடுதலையானால் அதில் பாதி. தண்டனைக்கு இரட்டைக் கூலி வாங்கும் சாட்சியை எந்த ஜூரர் நம்புவார்? பணம் கொடுத்துக் கதை வாங்கும் பத்திரிகைகள் விசாரணையை எப்படிக் கெடுக்கின்றன என்பது நாட்டுக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஒரு ஜூரர் வாய் திறந்தால் அப்படிப்பட்ட பயனும் உண்டு. இதழ் மீது அரசு தொடுத்த அவமதிப்பு வழக்கு தோற்றது. நீதிமன்றத்தில் கிடைக்காததை அரசு நாடாளுமன்றத்தில் வாங்கியது. 1981-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, ஜூரி கலந்தாய்வில் சொல்லப்பட்ட சொல், கருத்து, வாதம், போட்ட வாக்கு எதையும் வெளியிடுவதும் கேட்டு வாங்குவதும் குற்றம் என்றது. விலக்கு மிகக் குறைவு. பத்திரிகைக்கும் தடை, பல்கலைக்கழக ஆய்வாளருக்கும் தடை. ஆய்வுக்காவது வழி விடுங்கள் என்று 1993-இல் ரன்சிமன் தலைமையிலான ராயல் கமிஷன் பரிந்துரைத்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டாம் பிரிவு தன் மிகக் கடினமான சோதனையைச் சந்தித்தது 1994-இல், பிரைட்டன் கடற்கரையில் இருக்கும் ஓல்ட் ஷிப் ஹோட்டலில். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சசெக்ஸ் பகுதியில் வாடர்ஸ்ட் என்ற கிராமத்தில் 1993 பிப்ரவரியில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஸ்டீபன் யங் என்ற காப்பீட்டுத் தரகர் மீது வழக்கு. ஹோவ் நகரில் 1994 மார்ச்சில் விசாரணை நடந்தது. ஜூரி கலந்தாய்வுக்குப் போய் அன்று முடிவுக்கு வர முடியாததால் பன்னிரண்டு பேரையும் இரவு தங்க ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை கூடும்வரை வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்பது நீதிமன்றத்தின் கட்டளை.

இரவு உணவுக்குப் பிறகு நான்கு ஜூரர்கள் ஓர் அறையில் கூடினார்கள். கொஞ்சம் குடித்திருந்தார்கள். காகிதத் துண்டுகளில் எழுத்துகளை எழுதி வட்டமாக வைத்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்து ஆளுக்கொரு விரல் வைத்தார்கள். நம் கல்லூரி விடுதிகளிலும் டம்ளரைக் கவிழ்த்து ஆவியைக் கூப்பிடுவார்கள், அதேதான். கொலையுண்ட கணவனின் பெயரில் ஆவி வந்தது. யார் கொன்றது என்று கேட்டார்கள். கோப்பை எழுத்து எழுத்தாக நகர்ந்து ஸ்டீபன் யங் பெயரைச் சொன்னது. நாளைக்குக் குற்றவாளி என்று வாக்களியுங்கள் என்றது. விளையாட்டாக ஆரம்பித்தது அழுகையில் முடிந்தது. காலை உணவின்போது மற்ற ஜூரர்களுக்கும் விஷயம் போனது. அன்று ஜூரி யங்கைக் குற்றவாளி என்றது. ஒரு ஜூரருக்கு மனம் கேட்கவில்லை, போய்ச் சொல்லிவிட்டார்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி டெய்லர் பிரபுவின் அமர்வு தலையைப் பிய்த்துக்கொண்டது. ஜூரி கலந்தாய்வில் நடந்ததைக் கேட்கவே கூடாது என்கிறது சட்டம். ஹோட்டல் அறை கலந்தாய்வா? இல்லை, இரவு ஓய்வு என்பது கலந்தாய்வுக்கு இடையில் விழுந்த இடைவெளி, ஆகவே ஹோட்டலில் நடந்ததை விசாரிக்கலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஜூரர்கள் பன்னிரண்டு பேரிடமும் காவலிருந்த ஊழியர்களிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். ஹோட்டல் வாசலோடு கேள்விகளை நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் ஜூரி அறைக்குள் அந்தக் கோப்பையைப் பற்றிப் பேசினீர்களா, அது உங்கள் வாக்கை மாற்றியதா என்று ஒருவரையும் கேட்க முடியவில்லை. மனித உயிர் போன வழக்கில் ஜூரர்கள் ஆவியைக் கேட்டிருக்கிறார்கள், அது முடிவைப் பாதித்திருக்கும் அபாயம் உண்மையானது என்று சொல்லி 1994 அக்டோபரில் தீர்ப்பை ரத்து செய்தார்கள். மறுவிசாரணை ஓல்ட் பெய்லியில் நடந்தது. புதிய ஜூரியும் டிசம்பரில் யங்கைக் குற்றவாளி என்றது.

எல்லோரும் சிரித்துவிட்டுப் போகும் வழக்கு இது. எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. அதே நான்கு பேர் அதே கோப்பையை ஜூரி அறை மேஜையில், பகல் பதினோரு மணிக்கு, மற்ற எட்டுப் பேர் பார்க்கக் கவிழ்த்திருந்தால்? நீதிமன்றம் ஒன்றும் செய்திருக்க முடியாது. மான்ஸ்ஃபீல்டின் ஜன்னல் இரண்டு நூற்றாண்டு கழித்தும் அப்படியே இருந்தது. கோப்பை ஜன்னலுக்கு எந்தப் பக்கம் என்பதே ஒரு மனிதனின் மறுவிசாரணையைத் தீர்மானித்தது.

அடுத்த பத்து ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, ஆவியைப் பற்றிய வழக்கில் கிடைக்கவில்லை. மிர்ஸா என்பவர் பாகிஸ்தானிலிருந்து 1988-இல் இங்கிலாந்துக்கு வந்து குடியேறியவர். கொலை வழக்கு அல்ல அது, பாலியல் குற்றச்சாட்டு. விசாரணையில் அவருக்கு உருது மொழிபெயர்ப்பாளர் இருந்தார். இத்தனை வருடம் இங்கே இருப்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று ஜூரிக்குச் சந்தேகம் வந்தது. நீதிபதி அது இயல்பான ஏற்பாடு, அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எடுத்துச் சொன்னார். பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் தண்டனை வந்தது. சில நாளில் அந்த ஜூரர்களில் ஒருவர் மிர்ஸாவின் வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினார். மொழிபெயர்ப்பாளர் வைத்தது தந்திரம் என்று உள்ளே சிலர் ஆரம்பத்திலிருந்தே முடிவு கட்டிவிட்டார்கள், நீதிபதி சொன்னதை நான் நினைவூட்டியபோது என்னைக் கத்தி அடக்கினார்கள் என்று.

வேறு நாட்டில் போய், அரைகுறையாகத் தெரிந்த மொழியில், தன் சுதந்திரத்துக்காக வாதாட வேண்டிய நிலையில் இருப்பவர் தாய்மொழியைப் பிடித்துக்கொள்வது தந்திரமா? கடைக்குப் போய்ப் பால் வாங்கும் ஆங்கிலம் வேறு, குறுக்கு விசாரணையில் நிற்கும் ஆங்கிலம் வேறு. லண்டனிலும் டொரண்டோவிலும் கூண்டில் நின்ற தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை 2004-இல் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தக் கடிதத்தைப் படிக்க மறுத்தது. எட்டாம் பிரிவு நீதிமன்றத்தையே கட்டுப்படுத்தாது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பழைய பொதுச் சட்ட விதி கட்டுப்படுத்துகிறது என்றார்கள். தீர்ப்புக்கு முன்பே ஜூரர் நீதிபதியிடம் சொல்லியிருக்க வேண்டும், தீர்ப்புக்குப் பின் கதவு திறக்காது. எதிர்த்து எழுதியவர் ஸ்டெய்ன் பிரபு. நிறவெறி அந்த அறையில் தீர்ப்பை எழுதியது என்பதற்கு வலுவான ஆதாரம் கையில் இருக்கும்போது அதைப் பார்க்காமல் இருப்பது ஜூரி முறை சீராக ஓடுவதற்குக் கொடுக்கும் விலை என்றால், அந்த விலையை ஏற்க முடியாது என்பது அவர் நிலை. ஜூரி ரகசியத்தைப் பற்றி ஆங்கில நீதிமன்றங்களில் எழுதப்பட்டவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது தோற்றுப்போன அந்த ஒற்றைத் தீர்ப்புதான்.

இதற்குள் செல்பேசி வந்தது. பழைய பட்டினிக் காலத்தில் வெளியுலகம் உள்ளே வராமல் தடுக்க ஒரு காவலாள் போதும். மான்செஸ்டரில் நடந்த ஒரு பெரிய போதைப்பொருள் வழக்கில் ஒரு பெண் ஜூரர், விடுவிக்கப்பட்ட பெண் ஒருவரோடு பேஸ்புக்கில் பேசினார். குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்கள் மீதான கலந்தாய்வு அப்போது முடிந்திருக்கவில்லை. 2011-இல் அவருக்கு எட்டு மாதச் சிறை. லூட்டனில் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர், ஜூரராக இருந்தபோது குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய வழக்கை இணையத்தில் தேடி மற்ற ஜூரர்களிடம் சொன்னார். அவர்களில் ஒருவர் நீதிமன்ற ஊழியரிடம் தெரிவித்ததால் வெளியே வந்தது. 2012-இல் ஆறு மாதச் சிறை. அந்த ஒரு ஜூரர் தெரிவிக்காமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இதைப் படிக்க முடியாது.

2015-இல் இங்கிலாந்து சட்டத்தைத் திருத்தியது. ஜூரர் இணையத்தில் தேடுவது தனிக் குற்றமானது. ரகசியத்தை வெளியிடுவது குற்றம் என்ற பழைய தடை ஜூரிச் சட்டத்துக்குள் மாற்றி எழுதப்பட்டது. அதோடு விலக்குகளும் வந்தன. ஜூரருக்கு உள்ளே ஏதோ தவறு நடந்ததாகத் தோன்றினால் நீதிபதியிடமோ, போலீசிடமோ, மேல்முறையீட்டு நீதிமன்ற அலுவலரிடமோ சொல்லலாம். பத்திரிகைக்குப் போகக் கூடாது, நீதிமன்றத்துக்குப் போகலாம். 1981-இலேயே இப்படி எழுதியிருக்க வேண்டும். தெருவுக்கு எதிரான ரகசியமும் நீதிமன்றத்துக்கு எதிரான ரகசியமும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு 34 ஆண்டு ஆயிற்று.

அமெரிக்காவில் இதற்கு நேர் தலைகீழ். அங்கே வழக்கு முடிந்ததும் ஜூரர் தொலைக்காட்சிக்குப் பேட்டி தரலாம், புத்தகம் எழுதலாம்; 1995-இல் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கின் ஜூரர்கள் எழுதினார்கள். நாடு முழுவதும் படித்துவிட்ட அந்தப் பேச்சை நீதிமன்றம் மட்டும் கேட்காது. 1987-இல் வந்த டானர் வழக்கில், ஜூரர்கள் இடைவேளையில் குடித்தார்கள், கஞ்சாவும் கொக்கைனும் பயன்படுத்தினார்கள், மதியம் தூங்கினார்கள் என்று ஜூரர்களே சொல்ல வந்தபோதும் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று மறுத்தது. மது உள்ளே போனது வெளியுலகத் தாக்கம் அல்ல, தூக்கமின்மை போல அதுவும் ஒன்று என்பது பெரும்பான்மையின் வாதம்.

முப்பது ஆண்டு கழித்து அதே நீதிமன்றம் ஓர் இடத்தில் இறங்கி வந்தது. கொலராடோவில் குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில் நடந்த சம்பவம். பெனா-ரொட்ரிகஸ் என்பவர் தண்டிக்கப்பட்டார். ஜூரி கலைந்ததும் இரண்டு ஜூரர்கள் அவருடைய வழக்கறிஞரோடு தனியே பேசினார்கள். முன்பு போலீசில் இருந்த ஒரு ஜூரர், மெக்சிகோ ஆண்கள் பெண்களிடம் இப்படித்தான் நடந்துகொள்வார்கள், நான் பார்த்திருக்கிறேன் என்று உள்ளே வாதாடினாராம். குற்றம் சாட்டப்பட்டவருக்காகச் சாட்சி சொன்னவரையும், சட்டவிரோதமாகக் குடியேறியவன், அவன் பேச்சை நம்ப முடியாது என்றாராம். அந்தச் சாட்சி தான் சட்டப்படி குடியிருப்பவர் என்று கூண்டில் ஏறிச் சொல்லியிருந்தார். 2017 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. ஒருவரின் இனத்தை வைத்தே தண்டித்தேன் என்று ஜூரர் தெளிவாகச் சொல்லியிருந்தால், ரகசிய விதி விலக வேண்டும், விசாரணை நீதிபதி அதைக் கேட்க வேண்டும். நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பு அது. மற்ற எந்தத் தவற்றையும்விட இனவெறி நீதி அமைப்பின் அடித்தளத்தையே அரிக்கிறது என்பதால் இதற்கு மட்டும் தனி வழி என்றார். எதிர்த்தவர்கள், ஒரு விலக்கு வந்தால் அடுத்தது வரும், ஜூரர்கள் வாய் திறந்து பேசவே பயப்படுவார்கள் என்றார்கள். பயம் நியாயம்தான். ஆனால் ஒரு அறைக்குள் மெக்சிகோக்காரன் இப்படித்தான் என்று சொல்லத் தயங்குவது நல்ல தயக்கம்.

‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ படம் நம்மில் பலர் பார்த்தது. 1957-இல் வந்த சிட்னி லூமெட்டின் அந்தப் படத்தில் ஒரு ஜூரர் குற்றம் சாட்டப்பட்ட பையனின் இனத்தாரைப் பற்றிப் பொரிந்து தள்ளுவார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவருக்கு முதுகு காட்டுவார்கள். படம் பார்த்தவர்கள் ஜூரி அறைக்குள் போய் வந்த நிறைவோடு வெளியே வந்தார்கள். நிஜத்தில் முதுகு காட்ட ஆள் இல்லாத அறையில் என்ன நடக்கிறது என்பதை மிர்ஸா வழக்கில் கடிதம் எழுதிய அந்த ஜூரர் நமக்குச் சொன்னார்.

இப்போது கொழும்புக்கு வருவோம். இலங்கையில் ஜூரி இன்றும் உண்டு. உயர் நீதிமன்றத்தில் ஏழு பேர். குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை இருந்தால் தீர்ப்பு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரியாக ஜூரர் பட்டியல்கள் தனித்தனி. எந்த மொழி ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாம்.

நடராஜா ரவிராஜ் யாழ்ப்பாண மாநகரசபையின் முன்னாள் மேயர், வழக்கறிஞர், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர். சிங்களம் சரளமாகப் பேசுவார்; சிங்களத் தொலைக்காட்சிகளில் உட்கார்ந்து தமிழர் தரப்பைச் சிங்களத்திலேயே எடுத்துச் சொன்ன மிகச் சிலரில் ஒருவர். 2006 நவம்பர் 10 காலையில் கொழும்பில் அவரும் அவருடைய பாதுகாப்புக் காவலரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கு விசாரணைக்கு வர பத்து ஆண்டு ஆயிற்று. கடற்படையினர் உள்ளிட்டோர் குற்றம் சாட்டப்பட்டார்கள். சிங்களம் பேசும் ஜூரி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ரவிராஜ் குடும்பத்தின் சார்பில் எம்.ஏ. சுமந்திரன் ஜூரி விசாரணையையே எதிர்த்தார். நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தை ஏற்கவில்லை.

2016 டிசம்பர் 24, நள்ளிரவு கடந்த நேரம். ஏழு பேரும் ஒருமித்துச் சொன்னார்கள்: எல்லோரும் குற்றமற்றவர்கள். ஐந்து பேரும் விடுதலை.

அந்த ஏழு பேர் நேர்மையாகச் சாட்சியங்களை எடைபோட்டு, அரசுத் தரப்பு வழக்கை நிரூபிக்கவில்லை என்று முடிவு செய்திருக்கலாம். அப்படியானால் அது சரியான தீர்ப்பு. அவர்கள் மீது சேறு பூச எனக்கு உரிமை இல்லை, பூசவும் மாட்டேன். என் வேதனை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை வடக்கிலும் கிழக்கிலும் கேட்ட ஒரு தமிழருக்கு, இனம் பார்த்துச் சொன்னதில்லை இது என்று காட்ட ஒரு வரிகூட இல்லை. நீதிபதி எழுதிய தீர்ப்பாக இருந்தால் பக்கம் பக்கமாகக் காரணம் இருக்கும். தவறு என்றால் இந்தப் பத்தியில் தவறு என்று விரல் வைக்கலாம், சரி என்றால் சரி என்று மனம் தேறலாம். ஏழு பேரில் ஒருவர், மிர்ஸா வழக்கில் கடிதம் எழுதிய ஜூரர் போல, மனம் உறுத்திக் கதவைத் தட்ட நினைத்திருந்தால் எங்கே தட்டுவது? இங்கிலாந்து 2015-இல் போட்ட வழியோ, கொலராடோவுக்காக அமெரிக்கா திறந்த வழியோ போல ஒன்று கொழும்பிலும் வெளிப்படையாக எழுதி வைக்கப்பட வேண்டும். இனம் பிளந்து கிடக்கும் நாட்டில், தமிழ் அரசியல்வாதி ஒருவரின் கொலை வழக்கில், அதுவும் மொழி பார்த்துப் பிரித்த ஜூரியில் அந்தப் பாதை லண்டனைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. புஷெலுக்குக் கிடைத்த பாதுகாப்பு அந்த ஏழு பேருக்கும் இருக்கட்டும், அவர்கள் பெயர் வெளியே வர வேண்டாம், தெருவில் யாரும் அவர்களை நிறுத்திக் கேட்க வேண்டாம். நீதிபதி ஒருவர், மூடிய அறையில், தேவை வந்தால் கேட்கட்டும்.

ரவிராஜின் மனைவி சசிகலா தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். எழுவரும் உள்ளே என்ன பேசினார்கள் என்பதை ஆதாரமாக வைக்க இடமில்லாத மேல்முறையீடு அது. ஜூரி அமர்த்தப்பட்டது சரியா, நீதிபதி அவர்களுக்குச் சட்டத்தைச் சரியாக விளக்கினாரா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். மான்ஸ்ஃபீல்டின் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கக்கூடியவை அவ்வளவுதான்.